மூன்று குழந்தைகளும் ஒரு வீட்டு எண்ணும்: வயதுப் புதிர் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி ஊராட்சிகளில் தமிழ்வழியில் படிக்கும் பிள்ளைகளும் அவர்களுடைய பெற்றோரும் இந்த வயதுப் புதிரைப் பற்றிக் கேட்கக்கூடிய கேள்விகளை ஒன்றுசேர்த்து இங்கே விடை எழுதியிருக்கிறேன். புதிர் பல நாடுகளில் பல வடிவங்களில் வழங்கி வருகிறது. எண்களை மாற்றாமல், ஆட்களையும் ஊரையும் மட்டும் நம் பக்கத்துக்குக் கொண்டுவந்திருக்கிறேன். முதல் கேள்வியைப் படித்ததும் நிறுத்திவிட்டு, ஒரு தாளையும் பென்சிலையும் எடுத்து முயன்று பார்த்த பிறகே மற்றவற்றைப் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

புதிர் என்ன?

மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்காக ஓர் ஆசிரியை கொழிஞ்சாம்பாறையில் ஒரு வீட்டுக்கு வருகிறார்.

"எத்தனை குழந்தைங்க அக்கா?"

"மூணுங்க டீச்சர். மூணும் பொண்ணுங்க."

"வயசு சொல்லுங்க."

"மூணு பேரு வயசையும் பெருக்குனா 36 வருமுங்க. கூட்டுனா என்ன வருதோ அதுதான் எங்க வீட்டு நம்பர்."

ஆசிரியை கதவு நிலையில் அடித்திருக்கும் தகரத் தட்டை நிமிர்ந்து பார்க்கிறார். தாளின் ஓரத்தில் சிறிது நேரம் கணக்குப் போடுகிறார்.

"இன்னும் தெரியலீங்களே அக்கா."

"அட, ஆமாங்க. மூத்தவ சித்தூருக்குப் பரதநாட்டியம் கத்துக்கப் போயிருக்கிறா."

"அப்பச் சரிங்க, தெரிஞ்சுபோச்சு" என்று சொல்லி, மூன்று வயதுகளையும் எழுதிக்கொண்டு ஆசிரியை அடுத்த வீட்டுக்குப் போகிறார்.

மூன்று பெண்களின் வயது என்ன?

வீட்டு எண்ணைச் சொல்லவே இல்லையே, எப்படிக் கண்டுபிடிப்பது?

பெரும்பாலானவர்கள் தயங்கி நிற்கும் இடம் இதுதான். ஆசிரியைக்கு வீட்டு எண் தெரியும், நமக்குத் தெரியாது. ஆனால் அந்த எண்ணைப் பார்த்தபின் ஆசிரியை என்ன சொன்னார் என்பது நமக்குத் தெரியும். அவர் சொன்ன சொல்லிலிருந்து அவர் பார்த்த எண்ணைப் பின்னோக்கிப் பிடிப்பதுதான் இந்தப் புதிரின் வேலை. அதற்கு முன்பாக, பெருக்கினால் 36 வரும் மூன்றிணைகள், அதாவது மும்மூன்று எண்கள் கொண்ட தொகுதிகள், எல்லாவற்றையும் ஒன்று விடாமல் எழுதியாக வேண்டும்.

ஒன்று விடாமல் எழுதுவதற்கு முறை உண்டா?

உண்டு. மனம்போன போக்கில் எழுதினால் ஒன்றிரண்டு கட்டாயம் விடுபடும், அல்லது ஒன்றே இருமுறை வரும். எனவே எப்போதும் சிறிய வயதை முதலிலும் பெரிய வயதைக் கடைசியிலும் எழுதுவது என்று ஓர் ஒழுங்கை வைத்துக்கொள்ள வேண்டும். சிறியவளுக்கு 1 வயது என்றால் மற்ற இருவரின் பெருக்கல் 36; அது 1, 36 ஆகவோ 2, 18 ஆகவோ 3, 12 ஆகவோ 4, 9 ஆகவோ 6, 6 ஆகவோ இருக்கலாம். சிறியவளுக்கு 2 என்றால் மற்ற இருவரின் பெருக்கல் 18. இருவரும் 2க்குக் குறையக் கூடாது என்பதால் 2, 9 என்பதும் 3, 6 என்பதும் மட்டுமே கிடைக்கும். சிறியவளுக்கு 3 என்றால் மீதி 12. அதில் 3, 4 மட்டுமே தேறும். சிறியவளுக்கு 4 என்று வைத்தாலே மூன்றின் பெருக்கல் குறைந்தது 64 ஆகிவிடுவதால், அங்கே நின்றுவிடலாம். மொத்தம் எட்டு மூன்றிணைகள்:

1, 1, 36: கூட்டினால் 38
1, 2, 18: கூட்டினால் 21
1, 3, 12: கூட்டினால் 16
1, 4, 9: கூட்டினால் 14
1, 6, 6: கூட்டினால் 13
2, 2, 9: கூட்டினால் 13
2, 3, 6: கூட்டினால் 11
3, 3, 4: கூட்டினால் 10

36 வயதுப் பெண்ணுக்கு 1 வயதில் தங்கைகள் இருப்பார்களா என்று யோசித்து முதல் வரியை அடித்துவிடத் தோன்றும். அடிக்க வேண்டாம். நடைமுறைக்கு ஒவ்வாது என்று தோன்றுவதையெல்லாம் தொடக்கத்திலேயே நீக்கத் தொடங்கினால், எங்கே நிறுத்துவது என்பதற்கு எல்லை இல்லாமல் போய்விடும். வேண்டாதவற்றைப் புதிரே நீக்கிக் கொடுக்கும்.

"இன்னும் தெரியலீங்களே" என்பது எப்படி ஒரு குறிப்பாகும்? அதில் தகவல் ஒன்றும் இல்லையே?

புதிரிலேயே கனமான தகவல் அதுதான். ஒவ்வொரு வீட்டு எண்ணாக எடுத்துக்கொண்டு, தட்டில் அந்த எண் இருந்திருந்தால் ஆசிரியை என்ன சொல்லியிருப்பார் என்று கேட்டுப் பாருங்கள். தட்டில் 16 என்று இருந்திருந்தால், பட்டியலில் 16 ஒரே இடத்தில்தான் வருகிறது. 1, 3, 12 என்று எழுதிக்கொண்டு மறுகேள்வி இல்லாமல் போயிருப்பார். 21 என்றாலும் அப்படியே, 38, 14, 11, 10 என்றாலும் அப்படியே. பட்டியலில் ஏழு வெவ்வேறு கூட்டுத்தொகைகள் இருக்கின்றன. அவற்றில் ஆறு அவரை உடனே விடைக்குக் கொண்டுபோய் விட்டிருக்கும். அவரைத் திகைத்து நிற்க வைக்கக்கூடிய எண் 13 மட்டுமே, ஏனென்றால் அது ஒன்றுதான் இருமுறை வருகிறது. ஆகவே வீட்டு எண் 13 என்பது நமக்குத் தெரிந்துவிட்டது, அதை யாரும் நம்மிடம் சொல்லாமலேயே.

தெரியவில்லை என்று ஒருவர் சொல்வதை வெறும் வெற்றிடமாகக் கொள்ளும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. வகுப்பில் பிள்ளைகளை அப்படித்தான் பழக்கியும் விடுகிறோம். ஒருவருக்கு என்ன தெரியும், அதை வைத்துக்கொண்டும் அவரால் எதைத் தீர்மானிக்க முடியவில்லை என்ற இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், அந்தத் தெரியாமைக்குள் துல்லியமான செய்தி இருப்பது புலப்படும். இந்தப் புதிரைப் பிள்ளைகளிடம் கொண்டுபோக வேண்டும் என்று நான் விரும்புவதற்கு முதல் காரணம் இதுவே.

இதற்கு ஒரு நிபந்தனையும் உண்டு. ஆசிரியை கணக்கில் பிழை செய்யாதவர், பட்டியலை முழுமையாக எழுதக்கூடியவர், தெரிந்தால் தெரிந்தது என்றே சொல்பவர் என்று நாம் ஏற்றுக்கொள்ள வேண்டும். அவர் அவசரத்தில் ஒரு வரியை விட்டுவிட்டார் என்று வைத்துக்கொண்டால் நம் முழு வாதமும் கலைந்துவிடும்.

பரதநாட்டியத்துக்கும் வயதுக்கும் என்ன தொடர்பு?

ஒரு தொடர்பும் இல்லை. அந்த வாக்கியத்தில் வேலை செய்யும் சொல் "மூத்தவ" என்பது மட்டுமே. 13 என்ற எண்ணுக்கு 1, 6, 6 என்றும் 2, 2, 9 என்றும் இரண்டு வழிகள் இருக்கின்றன. முதலாவதில் மேலே இருவர் சம வயதில் இருக்கிறார்கள். தனியாக ஒருத்தியை மூத்தவள் என்று சொல்ல இடமில்லை. இரண்டாவதில் ஒன்பது வயதுப் பெண் தனித்து நிற்கிறாள். ஆகவே விடை 9, 2, 2. அவள் நாட்டியத்துக்குப் போகாமல் மிதிவண்டி பழகப் போயிருந்தாலும், பாட்டி வீட்டுக்குப் பொள்ளாச்சிக்குப் போயிருந்தாலும் விடை மாறாது.

இரட்டைப் பிள்ளைகளிலும் அக்கா தங்கை உண்டே? அப்படியானால் 1, 6, 6 ஏன் விடையாகாது?

நல்ல கேள்வி; இதைக் கேட்கும் பிள்ளையை ஒருபோதும் அடக்கிவிடக் கூடாது. நம் வீடுகளில் ஐந்து நிமிடம் முன்னால் பிறந்தவளும் அக்காதான். இரட்டையராக இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. ஒரு வீட்டில் மூத்தவள் 2015 ஜனவரி 10 அன்றும், அடுத்தவள் அதே ஆண்டு டிசம்பர் 20 அன்றும் பிறந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். 2021 டிசம்பர் 20 முதல் 2022 ஜனவரி 9 வரை இருவருக்குமே வயது ஆறுதான். அந்த நாட்களில் கணக்கெடுப்பு நடந்தால் படிவத்தில் 6, 6 என்றே எழுதுவார்கள். ஆனாலும் மூத்தவள் யார் என்பதில் அந்த வீட்டில் யாருக்கும் ஐயம் இராது.

அப்படியானால் புதிர் உடைந்துவிட்டதா என்றால், இல்லை. அதைத் தாங்கி நிற்பது கடைசி வரி. மூத்தவள் என்ற சொல்லைக் கேட்டதும் ஆசிரியை "தெரிஞ்சுபோச்சு" என்றார். சம வயதினரிலும் மூத்தவள் உண்டு என்ற பொருளில் அவர் அதை எடுத்திருந்தால், 1, 6, 6 என்பதும் 2, 2, 9 என்பதும் முன்போலவே நின்றிருக்கும். தெரிந்துபோயிற்று என்று அவரால் சொல்லியிருக்க முடியாது. எனவே அவர் அந்தச் சொல்லை வயதில் தனித்து உயர்ந்தவள் என்ற பொருளில் எடுத்துக்கொண்டார் என்பது அவருடைய கூற்றிலிருந்தே தெரிகிறது. புதிரைப் பலர் இந்தக் கடைசி வரி இல்லாமல் சொல்கிறார்கள்; அப்படிச் சொல்லும்போது எதிர்ப்பு நியாயமானது, அதற்குச் சரியான மறுமொழியும் கிடையாது. ஆகவே பிள்ளைகளிடம் சொல்லும்போது அந்த வரியை விடாமல் சொல்லுங்கள். இன்னும் கறாராக வேண்டுமென்றால், "மூத்தவளுடைய வயதில் இந்த வீட்டில் வேறு குழந்தை இல்லை" என்று தாய் சொல்வதாக மாற்றிவிடலாம். ஆனால் அதில் புதிரின் சுவை பாதி போய்விடுகிறது என்பது என் கருத்து.

வயது என்பது நிறைந்த வயதா, நடப்பு வயதா?

நிறைந்த வயது. "ஒன்பது முடிஞ்சு பத்து நடக்குது" என்று நம் வீடுகளில் சொன்னால், இங்கே 9 என்று எடுத்துக்கொள்ள வேண்டும். இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும் கடைசிப் பிறந்தநாளில் நிறைந்த ஆண்டுகளையே எழுதுகிறார்கள்; ஒரு வயது நிறையாத குழந்தைக்கு 0 என்று பதிகிறார்கள். நம் புதிரில் 0 வருவதற்கு வழியில்லை, ஏனென்றால் ஒருவருடைய வயது 0 ஆனால் பெருக்கல் 36 ஆகாது. அரை வயது, கால் வயது என்று பின்னங்களைச் சேர்த்துக்கொண்டால் பட்டியலுக்கு முடிவே இராது. முழு எண்கள் என்ற கட்டுப்பாடு இருப்பதால்தான் எட்டு வரிகளில் முடிகிறது.

எங்கள் வீட்டுத் தட்டில் 7/213 என்பதுபோல் இருக்கிறது. இதில் எதை வீட்டு எண்ணாகக் கொள்வது?

கேரள ஊராட்சிகளில் சாய்கோட்டுக்கு முன் இருப்பது வார்டு எண், பின் இருப்பது அந்த வார்டுக்குள் வீட்டின் எண். புதிரில் பின்னால் உள்ள எண்ணையே கொள்ள வேண்டும். 4/13 என்ற தட்டு இருந்தால் 13. எல்லைக்கு அந்தப் பக்கம் உறவினர் வீட்டில் இந்தப் புதிரைச் சொன்னால் வேறொரு குழப்பம் எழலாம். சென்னை போன்ற நகரங்களில் ஒரே வாசலில் பழைய எண், புதிய எண் என்று இரண்டு இருப்பதுண்டு. இங்கேயும் வார்டு மறுவரையறை நடக்கும்போது எண் மாறுகிறது. கணக்கெடுப்பின்போது சுவரில் எழுதிவிட்டுப் போகும் எண் தனி. எனவே புதிரைச் சொல்பவர், தாயும் ஆசிரியையும் ஒரே எண்ணைத்தான் குறிக்கிறார்கள் என்பதைத் தெளிவாக்கிவிடுவது நல்லது.

சமன்பாடு போட்டுத் தீர்க்க முடியாதா?

குழந்தைகள் இருவராக இருந்தால் முடியும். இரண்டு எண்களின் கூட்டுத்தொகையும் பெருக்குத்தொகையும் தெரிந்தால் அந்த எண்கள் உறுதியாகிவிடும். உயர்நிலை வகுப்பில் படிக்கும் இருபடிச் சமன்பாடு அதற்குப் போதும். இருவரின் வயதைப் பெருக்கினால் 36, கூட்டினால் 13 என்றால், 4, 9 தவிர வேறு வழியே இல்லை. ஆசிரியை திகைத்து நிற்க வாய்ப்பே இல்லாததால், அங்கே இந்த வகைப் புதிர் உருவாகவும் முடியாது. குழந்தைகள் மூவரானதும் தெரியாதவை மூன்று, சமன்பாடுகள் இரண்டு என்றாகிவிடுகிறது. அப்போது வாய்பாடு உதவாது, பட்டியல்தான் உதவும். பட்டியல் போடுவதைத் தாழ்வான வழி என்று சில பிள்ளைகள் நினைக்கிறார்கள். முறையாகப் போட்ட முழுமையான பட்டியல் ஒரு நிரூபணம். அதற்கு மேல் இங்கே எதுவும் தேவையில்லை.

36க்குப் பதிலாக வேறு எண்ணை வைத்துப் புதிர் அமைக்கலாமா?

அமைக்கலாம், ஆனால் எல்லா எண்ணும் உதவாது. ஒரே கூட்டுத்தொகை இரண்டு மூன்றிணைகளில் வந்தால்தான் புதிர் நிற்கும். 24ஐ எடுத்துப் பாருங்கள்: கூட்டுத்தொகைகள் 26, 15, 12, 11, 10, 9 என்று எல்லாம் தனித்தனியாக வருகின்றன, ஆசிரியை எந்த எண்ணைப் பார்த்தாலும் உடனே விடை சொல்லிவிடுவார். இப்படி 1லிருந்து ஒவ்வொன்றாகச் சோதித்துக்கொண்டே போனால், கூட்டுத்தொகை முதன்முதலாக மோதும் எண் 36தான். அடுத்தது 40. அதில் 1, 5, 8 என்பதும் 2, 2, 10 என்பதும் 14 தருகின்றன. ஆனால் இரண்டிலும் மூத்தவள் தனியாகவே இருப்பதால், மூத்தவளைப் பற்றிப் பேசிப் பயனில்லை. "கடைக்குட்டி தொட்டில்ல தூங்குறா" என்று தாய் சொன்னால்தான் 1, 5, 8 என்று தீரும். 72ஐ எடுத்தால் பன்னிரண்டு மூன்றிணைகள் கிடைக்கும். அவற்றில் 2, 6, 6 என்பதும் 3, 3, 8 என்பதும் 14இல் மோதுகின்றன, மூத்தவள் குறிப்பால் 3, 3, 8 என்று முடியும்.

கொஞ்சம் தேர்ந்த பிள்ளைகளுக்கு 90 என்ற எண்ணைப் பரிந்துரைக்கிறேன். அதில் பத்து மூன்றிணைகள் உண்டு. மோதல் இரண்டு இடங்களில் நிகழ்கிறது. 1, 9, 10 என்பதும் 2, 3, 15 என்பதும் 20 தருகின்றன. 2, 5, 9 என்பதும் 3, 3, 10 என்பதும் 16 தருகின்றன. ஆசிரியை தெரியவில்லை என்றதும், வீட்டு எண் 20 அல்லது 16 என்பதுவரைதான் நமக்கு எட்டும். இப்போது தாய் கடைக்குட்டியைப் பற்றிச் சொல்கிறார். ஆசிரியை தெரிந்துபோயிற்று என்கிறார். எண் 20 ஆக இருந்திருந்தால், இரண்டு வழிகளிலுமே கடைக்குட்டி தனியாக இருப்பதால் அந்தக் குறிப்பு அவருக்கு உதவியிருக்காது. அவருக்கு உதவியது என்பதாலேயே எண் 16 என்றும், வயதுகள் 2, 5, 9 என்றும் நாம் அறிகிறோம். இங்கே அவருடைய தெரியாமையோடு அவருடைய தெளிவும் நமக்கு வழிகாட்டுகிறது.

இதே வகையில் வேறு புதிர்கள் உண்டா?

2015இல் சிங்கப்பூரின் பள்ளி மாணவர்களுக்கான கணிதப் போட்டி ஒன்றில், ஒரு பெண்ணின் பிறந்தநாளைப் பத்துத் தேதிகளிலிருந்து கண்டுபிடிக்கச் சொல்லும் கேள்வி வந்து உலகெங்கும் பரவியது. ஒருவருக்கு மாதமும் மற்றவருக்கு நாளும் மட்டும் சொல்லப்பட்டிருக்கும், விடை ஜூலை 16. அதைவிடக் கடினமான ஒன்றை டச்சுக் கணிதவியலாளர் ஹான்ஸ் பிராய்டென்டால் 1969இல் வெளியிட்டார். ஒருவருக்குக் கூட்டுத்தொகையும் மற்றவருக்குப் பெருக்குத்தொகையும் மட்டும் தெரிந்திருக்க, இருவரும் பேசிக்கொள்வதை மட்டும் வைத்து 4, 13 என்ற விடைக்கு நாம் வந்து சேர வேண்டும்.

வீட்டு எண்ணை வைத்து எழுந்த புதிர்களில் நம் பிள்ளைகள் அவசியம் அறிய வேண்டியது, ஈரோட்டில் பிறந்த இராமானுஜனிடம் வந்த புதிர். 1914 டிசம்பரில் ஓர் ஆங்கில இதழில் வந்த அதை, அப்போது கேம்பிரிட்ஜில் மாணவராக இருந்த பி. சி. மகாலனோபிஸ் படித்துக்காட்டினார், இராமானுஜன் அடுப்பில் காய்கறியைக் கிளறிக்கொண்டிருந்தார். ஒரு தெருவின் வீடுகளுக்கு 1 முதல் வரிசையாக எண் இட்டிருக்கிறார்கள். ஒரு வீட்டுக்கு இடப்பக்கம் உள்ள எண்களின் கூட்டுத்தொகையும் வலப்பக்கம் உள்ளவற்றின் கூட்டுத்தொகையும் சமம். வீடுகள் 50க்கு மேல் 500க்குள். விடை, 288 வீடுகளில் 204ஆம் வீடு. இராமானுஜன் அந்த ஒரு விடையோடு நிற்கவில்லை. வரம்பு இல்லாவிட்டால் கிடைக்கும் எல்லா விடைகளையும் தரும் தொடர்பின்னத்தை (பின்னத்துக்குள் பின்னமாக நீண்டுகொண்டே போகும் எண்வடிவம்) காய்கறி கிளறியபடியே சொன்னார். சிறிய விடைகளைப் பிள்ளைகளே கையால் சரிபார்க்கலாம்: 8 வீடுகளில் 6ஆம் வீட்டுக்கு இப்பக்கம் 1 முதல் 5 வரை கூட்டினால் 15, அப்பக்கம் 7உம் 8உம் சேர்ந்தாலும் 15. அடுத்தது 49 வீடுகளில் 35ஆவது. 1, 6, 35, 204 என்ற வரிசையில் எந்த எண்ணையும் ஆறால் பெருக்கி, அதற்கு முந்தையதைக் கழித்தால் அடுத்தது வரும். கேட்டவர் மகாலனோபிஸ் பின்னாளில் இந்தியப் புள்ளியியல் கழகத்தை நிறுவினார்.

எந்த வகுப்புப் பிள்ளைகளுக்கு இதைக் கொடுக்கலாம்?

காரணிகளைப் பிரித்து எழுதத் தெரிந்தால் போதும். ஐந்தாம் வகுப்பிலேயே தொடங்கலாம். உதவித்தொகைத் தேர்வுக்குத் தயாராகும் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு 40, 72 இரண்டையும் கொடுங்கள். பட்டியலைப் பெரியவர்கள் எழுதிக் கொடுக்கக் கூடாது. 13 இருமுறை வருவதைப் பிள்ளை தானே கண்டு விரலை வைக்கும் வரை பக்கத்தில் பேசாமல் இருங்கள்.

கிடைத்த விடை சரிதானா என்று எப்படிச் சோதிப்பது?

9, 2, 2 ஆகியவற்றைப் பெருக்கினால் 36 வருகிறதா என்று பார்ப்பதோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள்; அந்தச் சோதனையில் எட்டு வரிகளுமே தேறிவிடும். முழுச் சோதனைக்கு, விடையை வைத்துக்கொண்டு உரையாடலை மறுபடியும் நடத்திப் பார்க்க வேண்டும். வீட்டு எண் 13 என்றால் ஆசிரியை முதலில் திகைத்திருப்பாரா? திகைத்திருப்பார், 1, 6, 6 என்பதும் இருப்பதால். மூத்தவள் என்றதும் தெளிந்திருப்பாரா? தெளிந்திருப்பார், 9 தனித்து நிற்பதால். இனி இதே இரண்டு கேள்விகளை மற்ற ஏழு வரிகளிடமும் கேட்டுப் பாருங்கள். ஆறு வரிகள் முதல் கேள்வியிலும் 1, 6, 6 இரண்டாவது கேள்வியிலும் விலகிவிடும்.